நான்காம் வீதித் தழைநீர்

செப்டம்பர் 14

இருநூறு பக்கம் கொண்ட இந்தக் குறிப்பேட்டை இன்று ஓர் ஆய்வேடாகத் திறக்கிறேன். பெயர் மயிலாத்தாள். வயது ஐம்பத்து மூன்று. பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டது. படிப்பை நான் நிறுத்தவில்லை. பஞ்சாலையில் நூல் சுற்றிய பதினெட்டு ஆண்டுகளில் கடைப்பொட்டலத் தாள்களையும், அதன் பின்னர் கிளை நூலகத்தின் மூன்று அலமாரிகளையும் வாசித்து முடித்தவள். எலந்தக்காடு நான்காம் வீதியின் பத்தொன்பது வீடுகளுக்கும் மனு எழுதித் தருபவள் நானே. தெருவிளக்கும் சாக்கடை மூடியும் இவ்வீதிக்கு வந்தது என் எழுத்தால்.

எங்கள் வீதிக்குப் பதினொரு நாளைக்கு ஒருமுறை, பிற்பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். ஆதலால் வீட்டுக்கொரு சிமெண்ட் தொட்டி. ஆயிரம் லிட்டர் கொள்ளும். தொட்டியைக் காலி செய்யும் வழக்கம் இங்கே கிடையாது. மிஞ்சிய பழைய நீரின் மீதே புதிய நீரை விடுவோம். தண்ணீரைத் தரையில் கொட்டுகிற பெண்ணுக்கு இவ்வீதியில் நல்ல பெயர் கிடைக்காது.

நகராட்சியின் கொசு ஒழிப்புப் பணிப்பெண் ஜோதிமணி வாரந்தோறும் வருகிறாள். டார்ச் அடித்துத் தொட்டிக்குள் பார்ப்பாள். புழு மருந்தை அளந்து விடுவாள். சுவரில் சுண்ணக்கட்டியால் தேதி குறிப்பாள். இன்று பன்னிரண்டாம் எண் வீட்டுச் சுகந்தி அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஐந்து மாதக் கருவைச் சுமப்பவள். இருமுறை கலைந்தபின் தங்கிய கரு. ஜோதிமணி போனதும் சுகந்தி என்னிடம் வந்தாள்.

“அக்கா, அந்த மருந்து வாசமே வவுத்தப் பொரட்டுதுங்க. அந்தத் தண்ணியிலதான வாய் கொப்புளிக்கறேன், குளிக்கறேன். கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்குதுங்க.”

“அஞ்சற்க. இயற்கையிலேயே இதற்கு விடை உண்டு. அதை நான் கண்டறிந்து தருகிறேன்.”

“அஞ்சற்கன்னா என்னங்க்கா?”

“பயப்படாதே என்று பொருள்.”

“அதையே சொல்லியிருக்கலாமுங்களே!” என்று சிரித்தாள். ஆனால் அவள் முகம் தெளிந்துவிட்டது. ஒரு முகம் தெளிவதற்கு என் சொல் போதுமானதாக இருக்கிறது.

செப்டம்பர் 16

தண்ணீர் வந்தது. இடுப்பு வலி. எழுத இயலவில்லை.

செப்டம்பர் 18

நூலகத்தில் மூலிகைகள் பற்றிய இரு நூல்களைப் புரட்டிக் குறிப்பெடுத்தேன். வேம்பு, நொச்சி, சீத்தா ஆகிய மூன்றின் இலைகளுக்கும் கொசுப்புழுவைக் கொல்லும் ஆற்றல் உண்டு. மூன்றையும் கலந்து எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஆகவே கலவை என் சொந்த முடிவு.

இரயில்பாதை ஓரத்திலிருந்து நொச்சியும், பழைய ரேஷன் கடைக்குப் பின்புறத்திலிருந்து சீத்தாவும் பறித்து வந்தேன். வேம்பு வாசலில் நிற்கிறது. என் மிக்ஸி பழுதாகையால் எதிர்வீட்டுப் பாப்பாத்தியின் கிரைண்டரில் அரைத்தேன்.

“ஏனுங்க்கா, இனி இதுல மாவாட்டித் தோசை சுட்டா என்ற ஊட்டுக்காரரு கொசுவாட்டம் சுருண்டு வுழுந்துருவாரு!”

“கழுவித் தருகிறேன், பாப்பாத்தி.”

“கழுவாட்டியும் பரவால்லீங்க. அந்தாளு கொறட்டையாச்சும் கொறையும்.”

நான்கு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இருபது புழுக்களை விட்டேன். புழுக்களைப் பாப்பாத்தி வீட்டுப் பழைய வாளியிலிருந்தே வடித்தெடுத்தேன். இரண்டு தம்ளர்களில் தழைச்சாறு ஒவ்வொரு கரண்டி. இரண்டில் வெறும் தண்ணீர்.

செப்டம்பர் 19

காலை பத்து மணி. சாறு விட்ட இரு தம்ளர்களிலும் நாற்பது புழுக்களும் மடிந்து அடியில் கிடக்கின்றன. வெறும் தண்ணீரில் நாற்பதும் உயிரோடு நெளிகின்றன.

மூன்று முறை எண்ணினேன். பஞ்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் என்னைப் பார்த்து, “உனக்கெதுக்குப் பேப்பர்? நூல் கோனை எண்ணு போதும்” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. எண்ணத்தான் செய்தேன்.

செப்டம்பர் 21

மாலையில் வீதியாரைக் கூட்டித் தம்ளர்களைக் காட்டினேன். அறிவிப்பு ஒன்றும் எழுதி என் மதிற்சுவரில் ஒட்டினேன்: “மேற்படி வீதியின் நீர்த்தொட்டிகளில் இரசாயனம் இடுவதற்கு இனி இடமில்லை. தழைநீரே காப்பு.” சுகந்தியின் கணவர் தினகரன் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். பனியன் கம்பெனியில் தைப்பவர், அதிகம் பேசாதவர்.

கூட்டத்தின் பின்னால் ஜோதிமணி நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கலாம். பத்தாம் வகுப்புத் தேறியவளாம்.

“தம்ளருக்கு ஒரு கரண்டி ஊத்துனீங்க, செத்துப்போச்சு, செரி. தொட்டி ஆயிரம் லிட்டருங்க. அதுக்கு எத்தன கரண்டி ஊத்தப் போறீங்க?”

“வீட்டுக்கு ஒரு பாட்டில்.”

“ஒரு பாட்டிலா? அது தொட்டிக்குத் திருஷ்டி கழிச்ச மாதிரிதானுங்க்கா இருக்கும்.”

சிலர் சிரித்தார்கள். “மூலிகையின் வீரியம் அளவைச் சார்ந்ததன்று, நீர் முழுவதும் பரவுவது அதன் இயல்பு” என்று பதிலளித்தேன். சிரிப்பு நின்றது. ஜோதிமணி விடவில்லை.

“எங்க மருந்து அளந்து போடறதுங்க. புள்ளத்தாச்சி ஊட்டுலயும் போடறோம். நீங்க பொறுப்பு ஏத்துக்கறீங்களா?”

“ஏற்கிறேன்” என்றேன். பத்தொன்பது வீட்டாரும் கேட்டார்கள்.

செப்டம்பர் 27

தண்ணீர் நாள். தொட்டிகள் நிறைந்தபின் வீடு வீடாகச் சென்று பாட்டிலில் கொண்டுபோன தழைநீரை நானே ஊற்றினேன். துணியில் வடிகட்டவில்லை; இலைத்துகளிலும் சத்து உண்டு. சுகந்தி தன் தொட்டியருகே எனக்கு ஒரு பலகை போட்டுக் காப்பி கொடுத்தாள். ஜோதிமணி வந்தபோது ஒரு வீடும் கதவைத் திறக்கவில்லை. வீதிமுனையில் நின்று தன் ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 1

நீரின் மேல் பாசிபோல் மெல்லிய படலம். கொழகொழப்பு. வாடையும் உண்டு, ஊறிய வைக்கோலின் வாடை. இது வீரியத்தின் அடையாளம் என்று கேட்டவர்களுக்கு விளக்கினேன். என் தொட்டியில் புழுக்களைத் தேடினேன். படலத்தால் அடிவரை பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 3

மழை. கொசுத் தொல்லை பகலிலும் மிகுதி. மழைக்காலத்தில் அது இயல்பே.

அக்டோபர் 5

பாப்பாத்தியின் கணவருக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறதாம். பருவமழைக் காய்ச்சல்.

குடும்ப அட்டை மனுக்கள் இரண்டு எழுதினேன்.

அக்டோபர் 8

தண்ணீர் நாள். பழைய நீரின் மீது புதிய நீர். புதிய நீரின் மீது தழைநீர். இம்முறை வீட்டுக்கு இரண்டு பாட்டில் கேட்டார்கள். “காய்ச்சல் பரவுதுங்க்கா, எச்சா ஊத்துங்க” என்றார்கள். மூன்று மூட்டைத் தழை பறித்தேன்.

சுகந்தியின் வயிறு நன்றாகத் தெரிகிறது. உதைக்கிறதாம். என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். நான் உணரவில்லை, உணர்ந்ததாகச் சொன்னேன்.

அக்டோபர் 11

நான்காம் எண் வீட்டில் இருவர், ஒன்பதாம் எண்ணில் ஒருவர். பாப்பாத்தியின் கணவரை மருத்துவமனையில் சேர்த்துப் பாட்டில் ஏற்றுகிறார்கள். டெங்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் வீதியிலும் ஐந்தாம் வீதியிலும் காய்ச்சல் இருக்கிறதா என்று பாப்பாத்தியிடம் கேட்டேன்.

“அங்கயெல்லாம் ஒருத்தருக்கும் இல்லீங்க. நம்ம வீதிக்குத்தான் யாரோ கண்ணு வெச்சுட்டாங்க. நல்லவேளை உங்க தழைத்தண்ணி இருக்குது. இல்லீன்னா எல்லாருமே படுத்திருப்போம்.”

மறுக்க என்ன இருக்கிறது.

அக்டோபர் 12

நூலகம் செல்லும் வழியில் வீதிமுனையில் ஜோதிமணி வழிமறித்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

“அக்கா, சண்டைக்கு வரலீங்க. அழுகுன தழைத்தண்ணி வாசத்துக்குக் கொசு தேடி வந்து முட்டை வெக்கும்னு எங்களுக்குப் பயிற்சியில சொன்னாங்க. நம்பாட்டி நீங்களே பாருங்க. ரெண்டு டப்பா எடுங்க. ஒண்ணுல வெறும் தண்ணி, ஒண்ணுல உங்க தொட்டித் தண்ணி. உள்ள ஒரு வெள்ளத்துணிய ஒட்டி வைங்க. அஞ்சு நாள் கழிச்சு எண்ணுங்க. தம்ளர் வெச்சவங்களுக்கு டப்பா வெக்கறது பெரிய காரியமுங்களா?”

அவளது கூற்றைப் பொய்யென்று நிறுவுவதற்காகவே இதைச் செய்கிறேன்.

அக்டோபர் 13

மாடிப்படியின் கீழ், நிழலில், இரண்டு டப்பாக்கள். வெறும் தண்ணீருக்கு நீல மூடி, என் தொட்டியின் தழைநீருக்குப் பச்சை. மூடிகளை அருகே வைத்தேன், குழப்பம் வராதிருக்க.

அக்டோபர் 15

பார்க்கவில்லை. ஐந்து நாள் முடியுமுன் பார்ப்பது முறையன்று.

அக்டோபர் 18

காலை பத்து மணி. வெறும் தண்ணீரில் இருந்த துணியில் கரும்புள்ளிகள் ஏழு. கடுகில் பாதியளவு. ஊசிமுனையால் தொட்டு எண்ணினேன்.

தழைநீரில் இருந்த துணியில் நூற்று அறுபது வரை எண்ணினேன். அதன்பின் எண்ணவில்லை. துணியின் ஓரம் மையால் கோடு இழுத்ததுபோல் கருத்திருந்தது. நீரிலும் புழுக்கள் நெளிந்தன. தழைச்சாறு கலந்த நீரில் அவை நெளிந்தன.

ஒரே ஒரு சோதனையைக் கொண்டு முடிவுக்கு வருதல் ஆய்வு நெறிக்குப் புறம்பானது. டப்பா வைத்த இடம், நிழல், காற்றின் திசை ஆகியன முடிவைப் பாதித்திருக்கக்கூடும். மேலும் சோதனைகள் தேவைப்படுகின்றன. அதுவரை இதனை வெளியிடுவது மக்களிடையே தேவையற்ற அச்சத்தை விளைவிக்கும்.

துணிகள் இரண்டையும் அடுப்பில் இட்டு எரித்தேன்.

அக்டோபர் 19

தண்ணீர் நாள். உடல்நலமில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்தேன். நான்கு மணிக்குச் சுகந்தி வந்தாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கிற்று.

“அக்கா, எல்லாரு ஊட்டுலயும் போன தடவை மிச்சம் இருந்தத ஊத்திக்கிட்டாங்க. எனக்கு நீங்க கையால ஊத்துனாத்தான் மனசு நெறையும்.” பிறகு, “இன்னொண்ணு கேக்கணும். வீதியில காய்ச்சலா இருக்குதுன்னு அம்மா கோபிக்கு அவங்க ஊட்டுக்கே கூப்பிடறாங்க. வண்டிய அனுப்பறேங்கறாங்க. போகட்டுமுங்களா, இருக்கட்டுமுங்களா? நீங்க சொல்லுங்க, செய்யறேன்.”

அவள் போனால் வீதியார் கேட்பார்கள். தழைநீரை முதலில் கேட்டவளே ஓடிப்போனாள் என்பார்கள்.

“இங்கே உனக்கென்ன குறை? போக வேண்டிய அவசியம் என்ன வந்தது?” என்றேன்.

அவள் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டில் ஊற்றினேன். தொட்டியின் மூடியை எடுத்தபோது முகத்தில் கொசுக்கள் மோதின. மூடியை உடனே வைத்துவிட்டேன். அவள் பார்க்கவில்லை.

அக்டோபர் 21

என் அறிவிப்பின் கீழே மற்றொன்றை ஒட்டினேன்: “நிர்வாகக் காரணங்களை முன்னிட்டுத் தழைநீர் வழங்கல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது. ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறேன்.”

பிழையற்ற அறிவிப்பு. நான் கடமையைச் செய்துவிட்டேன்.

அக்டோபர் 22

கடமையைச் செய்துவிட்டதாக நேற்று எழுதியிருந்தேன். இன்று காலை பாப்பாத்தி, கணவரைப் பார்த்துவிட்டு மருத்துவமனையிலிருந்து திரும்பியவள், நேரே என்னிடம் வந்தாள்.

“தழை கெடைக்கலீங்களா? அதுக்கு ஏனுங்க சிரமம்னெல்லாம் எழுதறீங்க? நீங்க எங்களுக்காகப் பட்டது போதும். நாங்களே பறிச்சு அரைச்சுக்கறோம். வேம்பு, நொச்சி, சீத்தா. மனப்பாடமுங்க.”

வீதியில் ஏழு வீடுகளில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்கிறது.

அக்டோபர் 24

மனுக்கள் எழுதவில்லை. கதவைத் தட்டியவர்களை நாளை வரச் சொன்னேன்.

அக்டோபர் 26

சுகந்திக்குக் காய்ச்சல். நூற்று மூன்று. தினகரன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஆட்டோவின் ஓரத்தில் அவள் கை மட்டும் தெரிந்தது, கம்பியைப் பிடித்திருந்தது.

அக்டோபர் 27

மருத்துவமனைச் செவிலியிடம் கேட்டேன். நோயுள்ள கொசு கடித்து நான்கு முதல் ஏழு நாளில் காய்ச்சல் காணுமாம். காய்ச்சல் இருபத்தாறில். ஆகவே கடித்தது பத்தொன்பதுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில். நான் எண்ணி முடித்தது பதினெட்டில்.

ஆனால் பதினெட்டாம் தேதியே நான் பேசியிருந்தாலும், ஏற்கெனவே சிறகு முளைத்துவிட்ட கொசு பறந்துகொண்டுதான் இருந்திருக்கும். முட்டை புழுவாகிக் கொசுவாக எட்டு நாளுக்கு மேல் வேண்டும். ஆகவே அன்று நான் பேசாததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

மேற்கண்ட பத்தியை இருமுறை வாசித்தேன். வாக்கியங்களில் குறையில்லை. ஆனால் நான் பேசியிருந்தால் அவள் பத்தொன்பதாம் தேதி மாலை கோபிக்குப் போகும் வண்டியில் இருந்திருப்பாள். இருக்கச் சொன்னது நான்.

அக்டோபர் 28

சுகந்தியின் இரத்தத்தில் தட்டணுக்கள் முப்பத்தோராயிரமாகக் குறைந்திருக்கின்றன. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். ஈறில் இரத்தம் கசிகிறது.

மருத்துவமனை வாசல் வரை போனேன். பார்வை நேரம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். முடியவில்லை, இன்னும் கால் மணி நேரம் இருந்தது. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானாகத் திரும்பி வந்தேன்.

அக்டோபர் 29

இன்று உள்ளே போனேன். கொசுவலைக்குள் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்றாள்.

“வந்துட்டீங்களா? பாருங்க, உங்க தண்ணி இருந்தும் எனக்கு வந்துருச்சு. எங்கயோ வெளிய கடிச்சிருக்கும். நேத்து இவரு ஊட்டுக்குத் துணி எடுக்கப் போனாரு. அப்பவே தொட்டியில அரைச்சு ஊத்தச் சொல்லிட்டனுங்க. நான் வரும்போது ஊடு பத்திரமா இருக்கணுமில்லீங்களா.”

சொல்வதற்கென்று வரும் வழியில் தொகுத்து வைத்திருந்தேன். ‘அண்மையில் மேற்கொண்ட சோதனையில் சில ஐயப்பாடுகள் எழுந்துள்ளன’ என்று தொடங்குவதாக இருந்தது. அவள் முகத்துக்கு முன் அது வாயில் வரவில்லை.

“சுகந்தி, அந்தத் தண்ணிலதாண்டி கொசு வளந்துச்சு. தழை அழுகி, அதுக்குத் தேடி வந்து முட்டை வெச்சிருக்குது. நம்ம வீதிக்குக் காய்ச்சல் என்னாலதான் வந்துச்சு.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். “ஏனுங்க்கா இப்பிடியெல்லாம்… யாராச்சும் மெரட்டுனாங்களா? அந்த ஜோதிமணியா?”

“யாரும் மெரட்டல. நானே எண்ணிப் பாத்தேன். பதினெட்டாந் தேதி.”

அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக மடங்கின.

“மறுநா நான் வந்தனே. அம்மா கூப்பிடறாங்கன்னு சொன்னனே.”

“ஆமா.”

“அப்பறம் ஏனுங்க என்னைய இருக்கச் சொன்னீங்க?”

“நீ போயிட்டா எல்லாரும் என்னயப் பத்தி என்ன பேசுவாங்களோன்னு நெனச்சேன்.”

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திரும்புவதற்கு அவளுக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. நான் உதவக் கை நீட்டவில்லை.

அங்கிருந்து நேரே சுகாதார அலுவலகம் சென்று ஜோதிமணியைத் தேடினேன். “நாளைக்குத் தண்ணி நாள்” என்றேன். “ரெண்டு மணிக்கு முன்னாடி எல்லாத் தொட்டியையும் காலி பண்ணித் தேய்க்கணும். இல்லீன்னா இன்னும் பதினோரு நாள்.” அவள் ஒரு கேலியும் பேசவில்லை. பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 30

காலை ஏழு மணி முதல் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். சுகந்தியிடம் சொன்ன அதே வார்த்தைகளைப் பதினெட்டு வீட்டிலும் சொன்னேன். ஜோதிமணி இரண்டடி பின்னால் நின்றாள்.

முதல் நான்கு வீடுகளில் நம்பவில்லை. அலுவலகத்தார் என்னை வளைத்துவிட்டதாக நினைத்தார்கள். “பயப்படாதீங்கக்கா, நாங்க இருக்கறோம்” என்றார் ஒருவர். ஐந்தாவது வீட்டில் தொட்டி மூடியைத் தூக்கி, படலத்தைக் கையால் விலக்கி, ஜோதிமணியின் டார்ச்சை உள்ளே காட்டினேன். நீர் முழுதும் அசைந்தது. அந்த வீட்டுப் பெண் என்னைப் பார்க்காமல் அடைப்பைப் பிடுங்கினாள். அதன்பின் யாரையும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை. செய்தி எனக்கு முன்னால் ஓடிற்று.

பாப்பாத்தி மட்டும் பேசினாள். “என்ற ஊட்டுக்காரரு பொழைச்சு வந்துட்டாரு. அதனால உங்களத் திட்டல. வரலீன்னா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. வெளக்கமாத்தக் கீழ வெச்சுட்டு அக்கட்டால போங்க. நானே தேச்சுக்கறேன்.”

வீதி நெடுகத் தண்ணீர் ஓடிற்று. எவரும் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சுகந்தியின் வீடு பூட்டிக் கிடந்தது. மதில் ஏறிக் குதித்து, தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தேன். இரண்டு மணிக்குக் குழாயில் காற்று சீறியபோது நான் உள்ளேதான் இருந்தேன்.

நவம்பர் 1

சுகந்தியைப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். காலை ஆறு மணிக்குப் பாப்பாத்தியின் கைபேசிக்குத் தினகரன் பேசினார். பாப்பாத்தி வாசலில் நின்றே எனக்குக் கேட்கும்படி வீதிக்குச் சொன்னாள். சுகந்தி பிழைத்துக்கொண்டாள். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண்.

நவம்பர் 5

புதிதாக யாருக்கும் காய்ச்சல் இல்லை. ஜோதிமணி சுவர்களில் தேதி குறித்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 8

மாலை ஐந்து மணிக்குத் தினகரன் வந்தார். சவரம் செய்யாத முகம். சுகந்தியைக் கோபியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன். படியிலேயே நின்றார்.

“ஒரு மனு எழுதணும்.”

“யாருக்கு?”

“சுகாதார ஆபீசருக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதையேதான் குடுக்கணும். உங்க மேலதான். எனக்குக் கோர்வையா எழுத வராது. இந்த வீதியில வேற யாரு இருக்கறாங்க, சொல்லுங்க?”

தாள் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். “மேலான கவனத்திற்கு” என்று தொடங்கப் போன கையை நிறுத்தினேன். அவர் சொன்னது இதுதான்: “எங்க வீதியில மயிலாத்தாள்னு ஒருத்தங்க தழையரைச்சு ஊத்துனாங்க. அதுல கொசு வருதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்ச மறுநாளும் எங்க தொட்டியில ஊத்துனாங்க. என் சம்சாரத்த அம்மா ஊட்டுக்குப் போக வேண்டாம்னாங்க. எம் புள்ள செத்துப்போச்சு.” எழுத்தில் எதையும் திருத்தவில்லை.

“தெரிஞ்ச மறுநாளும்னு போட்டிருக்கீங்களா?”

“போட்டிருக்கேன்.”

“வாசிங்க.”

இவ்வீதியில் மனு எழுதினால் அதை நடுவீதியில் நின்று வாசிப்பது என் வழக்கம்; கேட்டவர்கள் வரிசையில் வந்து கையெழுத்திடுவார்கள். அவர் அதையே கேட்டார். இறங்கிப் போனேன். கதவுகள் திறந்தன. சத்தமாக வாசித்தேன்.

பேனாவை நான் நீட்ட, ஒவ்வொருவராக வாங்கிக் கையெழுத்திட்டார்கள். பாப்பாத்தியின் கணவருக்குக் கை இன்னும் நடுங்குகிறது. தாளை நான் பிடித்துக்கொண்டேன். கைநாட்டு வைத்த இருவருக்கும் மைப்பெட்டியைத் திறந்து கொடுத்தேன்.

நானும் நான்காம் வீதியைச் சேர்ந்தவள். எழுதியிருப்பதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என் முறை வருவதற்குள் தினகரன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.